கம்பெனி வீட்டுப் பிள்ளைகள்

தமிழ் நாடகத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் அதன் ஆசிரியர்களைப் பற்றியும், பாடல்களைப் பற்றியும், மேடையில் நின்று புகழடைந்த நடிகர்களைப் பற்றியும் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில் மதுரையிலும் திருச்சியிலும் கும்பகோணத்திலும், நாடகக் கொட்டகைக்கு எட்டின தூரத்தில் ஏதாவது ஒரு தெருவில் மாத வாடகைக்குப் பிடிக்கப்பட்டு, கூடத்தில் ஆர்மோனிய ஒலியும் முற்றத்தில் பிள்ளைகளின் சந்தடியும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த ‘கம்பெனி வீடு’ ஒன்று இருந்ததே, அதன் மீது அவர்கள் அவ்வளவு சிரத்தை காட்டவில்லை. ஆறு வயதிலிருந்து பதினெட்டு வயது வரையிலான பாலகர்கள், தாய் தந்தையரை விட்டுப் பிரிந்து, ஒரே பந்தியில் உண்டு, ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுத்து, ஊர் ஊராகப் பிரயாணம் செய்து தங்கள் பால்ய காலம் முழுவதையும் கழித்த இடம் அது. பாய்ஸ் கம்பெனி என்று ஜனங்கள் வழங்கிய அந்த ஸ்தாபனத்தைக் கலையின் வரலாற்றில் ஓர் அத்தியாயமாகப் பார்ப்பது நியாயந்தான். ஆயினும் நிம்மதியில்லாத வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அது என்னவாக இருந்தது என்று பார்ப்பதே எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுகிறது.

இத்தகைய கம்பெனிகள் ஏன் தோன்றின என்பதை முதலில் சொல்லவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகங்களின் பகட்டையும் படுதாக்களையும் கண்டு தமிழ்நாட்டில் நாடக சபைகள் பெருகின. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று ஒவ்வொரு வேஷத்துக்கும் பேர்போன நடிகர்கள் உண்டானார்கள். இவர்கள் ஒரு சபையிலும் நிலையாக இராமல், அழைத்த ஊருக்குத் தனித்தனியே வந்து, முன்பின் ஒத்திகையின்றி மேடையில் சந்தித்து ஆடிய ஸ்பெஷல் நாடகங்களில் வித்தை இருந்தது, கட்டுப்பாடு இல்லை. ஒருவர் பாட்டை மற்றொருவர் வெல்லப் பார்ப்பதும், கதையை மறந்து மேடையிலேயே வாதம் புரிவதும், மதுமயக்கத்தில் வந்து நிற்பதும் சாதாரணமாகிவிட்டன. தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்து, பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்று, சில காலம் உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதி, பின்பு நாடகமே கதியென்று வந்து சேர்ந்த சங்கரதாஸ் சுவாமிகள் இந்த அவல நிலையை உள்ளிருந்தே கண்டவர். யமனாகவும் சனீசுவரனாகவும் இரணியனாகவும் வேஷம் கட்டிச் சபையை நடுங்க வைத்த அவர், பின்னாளில் வேஷத்தைத் துறந்து ஆசிரியர் பொறுப்பை ஏற்றபோது, எழுதியதை எழுதியபடி பேசவும் சொன்னதைச் சொன்னபடி செய்யவும் பெரியவர்கள் இசையமாட்டார்கள் என்று அனுபவத்தில் அறிந்து, இளம் பிள்ளைகளைத் திரட்டிப் பழக்கினாலன்றி இக்கலைக்கு உய்வில்லை என்ற முடிவுக்கு வந்தார்.

1910இல் அவர் அமைத்த சமரச சன்மார்க்க நாடக சபையில் செங்கோட்டைக் கிட்டப்பா போன்ற சிறுவர்கள் பயின்றார்கள். 1918இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையோ முழுக்க முழுக்கப் பிள்ளைகளைக் கொண்டே நடந்தது. ஸ்திரீபார்ட் நடிகராயிருந்த கண்ணுசாமிப் பிள்ளை, தம் மக்களாகிய சங்கரன், முத்துசாமி, சண்முகம் மூவரையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தார். அப்போது சண்முகத்துக்கு வயது ஆறு. பிற்காலத்தில் ஒளவையார் வேஷத்தால் ஒளவை சண்முகம் என்றே பெயர் பெற்ற டி.கே.சண்முகம், ‘எனது நாடக வாழ்க்கை’ என்ற நூலில் அக்காலத்தை எழுதி வைத்திராவிட்டால், கம்பெனி வீட்டின் உள்வாழ்க்கை நமக்குப் பெரும்பாலும் தெரியாமலே போயிருக்கும். இப்படி ஒரு துறவி மனம் கொண்டவர் கலையின் நன்மைக்காக வகுத்த வழியை, வியாபார நோக்கம் கொண்டவர்களும் விரைவிலேயே கண்டுகொண்டார்கள். பெரிய நடிகர் ஒருவருக்குக் கொடுக்கும் தொகையில் பல சிறுவர்களைப் போஷிக்கலாம் என்பது முதலாளிகளுக்கு விளங்காத கணக்கல்ல. ஜகந்நாத ஐயரின் கம்பெனி, சச்சிதானந்தம் பிள்ளையின் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் பாலகான சபை, நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால விநோத சங்கீத சபை என்று அவை அடுத்தடுத்துக் கிளம்பின.

இவற்றில் வந்து சேர்ந்த பிள்ளைகள் எல்லோரும் கலைத்தாகத்தால் வந்தவர்கள் என்று சொல்வது மரியாதைக்காகச் சொல்லும் வார்த்தை. சிலருக்கு அந்தத் தாகம் இருந்தது உண்மை. ஆனால் பெரும்பாலோரை அங்கே கொண்டுவந்து தள்ளியது வீட்டின் நிலை. எம்.ஆர்.ராதாவின் தகப்பனார் ராணுவத்தில் சேர்ந்து முதல் உலக யுத்தத்தில் மாண்டவர். சென்னையில் விதவைத் தாயின் பராமரிப்பில் வளர்ந்த அச்சிறுவன், சோற்றில் ஒரு மீன் துண்டு அதிகம் கேட்டுத் தாய் மறுத்ததற்காகக் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு ஓடி எழும்பூர் ரயில் நிலையத்தை அடைந்தான். அங்கே நாடகக் கம்பெனி நடத்திய ஆலந்தூர் டப்பி ரங்கசாமி நாயுடு என்ற பெரியவர் ஒருவர் தம் மூட்டையைத் தூக்கச் சொன்னதும், அப்படியே தம்மோடு அழைத்துச் சென்றுவிட்டதும் ராதாவே பின்னாளில் விவரித்த கதை. மீன் துண்டு ஒரு நிமித்தமே. தகப்பனில்லாத வீட்டில், இருப்பதைப் பங்கிடும் தாய்க்கும் பங்கு போதாத பிள்ளைக்கும் இடையே நாள்தோறும் வளர்ந்து வந்த மனத்தாங்கல் அன்று ஒரு துண்டு மீனில் வந்து முட்டிக்கொண்டது என்றே கொள்ளவேண்டும்.

இலங்கையில் நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்த எம்.ஜி.ராமச்சந்திரன் தகப்பனாரை நினைவு தெரியாத பருவத்திலேயே இழந்தார். தாய் சத்தியபாமா பிள்ளைகளோடு கும்பகோணத்துக்கு வந்து, பிறர் வீட்டில் உழைத்து அவர்களை வளர்க்க முயன்றும் முடியாமல், ஆனையடிப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்று, சக்கரபாணி, ராமச்சந்திரன் ஆகிய இரு சகோதரர்களும் ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்க்கப்பட்டார்கள். எம்.என்.நம்பியாரும் இளமையிலேயே தந்தையை இழந்து, உதகையில் தமக்கை வீட்டில் வளர்ந்து, பதின்மூன்று வயதளவில் நவாப் ராஜமாணிக்கத்தின் கம்பெனியை வந்தடைந்தவர். நாகர்கோயிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன் வறுமையின் காரணமாக நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றுக்கொண்டிருந்த பிள்ளை.

சிவாஜி கணேசனின் கதை இவற்றிலும் வேறுபட்டது. அவர் தந்தை சின்னையா மன்றாயர் சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். 1928இல் தாம் பிறந்த தினத்திலேயே தந்தை கைதானார் என்று கணேசன் கூறியிருக்கிறார். தேசத்துக்குக் கீர்த்தியான அந்தத் தியாகம், தாய் ராஜாமணியின் அடுப்படியில் பஞ்சமாகவே வந்து உட்கார்ந்தது. திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த அந்தச் சிறுவன், கட்டபொம்மன் கதையைக் கூத்தாகக் கண்டு மனம் பறிகொடுத்து, ஊருக்கு வந்திருந்த பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியைத் தேடிப் போய், தாய் தகப்பன் யாரென்று அவர்கள் கேட்டபோது, தனக்கு ஒருவரும் இல்லை, தான் ஓர் அநாதை என்று சொல்லிச் சேர்ந்துகொண்டான். பெற்ற தாய் சில தெருக்களுக்கு அப்பால் உயிரோடு இருக்கையில் ஒரு பாலகன் இப்படிச் சொல்லத் துணிந்தான் என்றால், அதை வெறும் சாமர்த்தியம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அநாதையாகவாவது ஆகி, மற்றப் பிள்ளைகள் நடுவே தானும் ஒரு பிள்ளையாக இருந்துவிடவேண்டும் என்ற தவிப்பு அந்தச் சொல்லில் இருக்கிறது.

அங்கே அவன் கண்டது என்ன? கிரமமான ஒரு நாள். நாடகமில்லாத தினங்களில் விடியுமுன் எழுந்து தொண்டைச் சாதகம், பிறகு குளியல், பூஜை, பந்தி, முற்பகலில் வாத்தியார் முன் அமர்ந்து பாடம், பிற்பகலில் சற்றே ஓய்வு, மாலையில் ஒத்திகை. நாடக தினமென்றால் பகலில் கட்டாயமாக உறங்கவேண்டும். அந்தி சாய்ந்ததும் வரிசையாகக் கொட்டகைக்குப் போய் அரிதாரம் பூசிக்கொள்ளவேண்டும். இரவு முழுதும் ஆடிவிட்டு விடியற்காலையில் திரும்பவேண்டும். எண்ணெய் ஸ்நானத்துக்கு ஒரு கிழமை, முடி திருத்த ஒரு கிழமை, வீட்டுக்குக் கடிதம் எழுத ஒரு நேரம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு நியதி. வயிற்றுக்கு எப்போது கிடைக்கும், கதவு எப்போது தட்டப்படும், கடன்காரர் வருவாரா, தகப்பன் குடித்துவிட்டு வருவானா என்று தெரியாமலே வளர்ந்த பிள்ளைக்கு, நாளைக் காலையில் என்ன நடக்கும் என்று முன்னதாகவே தெரிந்திருப்பதைப்போன்ற சுகம் வேறில்லை. பதின்மூன்று பதினான்கு வயதில் பிள்ளைகள் விரும்புவது சுயேச்சையை என்று பொதுவாக எண்ணுகிறோம். கஷ்டப்படும் குடும்பத்துப் பிள்ளை விரும்புவது பெரும்பாலும் ஒழுங்கை. பிறர் வீட்டுப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்களோ அப்படித் தானும் இருப்பதை. கம்பெனி வீடு, எவ்வளவோ குறைகளோடு, அதைக் கொடுத்தது.

குறைகள் இருந்தன என்பதை மூடி மறைப்பது பாவம். பெற்றோரிடம் ஆண்டுக் கணக்கில் ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டு, அதற்குள் வீட்டுக்குப் போக அனுமதி மறுத்த முதலாளிகள் உண்டு. பாடம் தவறினால் பிரம்படி என்பது எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவிதி. வசூல் குறைந்த மாதங்களில் சம்பளம் நின்றது; சில ஊர்களில் சோறும் அளவு குறைந்தது. காய்ச்சலோடு மேடையேறிய பிள்ளைகளும், அடி பொறுக்காமல் இரவோடிரவாக ஓடிப்போய் மீண்டும் பிடிக்கப்பட்டு வந்த பிள்ளைகளும் உண்டு. பெண் வேஷம் கட்டிய சிறுவர்களை வெளியார் கேலி செய்ததும், அதைவிட இழிவாக நடத்தியதும் அக்காலத்தவர் அறிந்தவையே. பள்ளிப் படிப்பு அறவே அற்றுப்போயிற்று. சட்டம் இப்பிள்ளைகளை எட்டிப் பார்க்கவில்லை. சமூகமோ கூத்தாடிகள் என்று அவர்களை ஒதுக்கிவைத்துவிட்டு, இரவில் மட்டும் காசு கொடுத்துப் பார்க்க வந்தது. இன்றைய தினம் எந்தக் குழந்தையையும் அப்படி வைத்திருக்க யாரும் சம்மதிக்கக்கூடாது. ஆனாலும் அந்தச் சிறுவர்களுக்கு அன்றிருந்த மாற்று வழிகள் பட்டறையும் ஓட்டலும் தெருவுமே. அவற்றிலும் அடி இருந்தது, ஆனால் பாட்டும் தமிழும் இல்லை.

அந்தத் தமிழ் சாமானியமான தமிழன்று. எழுத்தறியாத பிள்ளைக்கும் வெண்பாவும் விருத்தமும் சந்தப் பாடலும் செவிவழியே நாவில் ஏறின. சுவாமிகள் சொல்லிக்கொண்டே போவார். விவரம் தெரிந்த பிள்ளைகள் எழுதிக்கொண்டே போவார்கள். மற்றவர்கள் கேட்டே மனனம் செய்வார்கள். ‘அபிமன்யு சுந்தரி’ என்ற நாடகத்தைப் பாடல்களும் வசனமுமாக அவர் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பதும், சிறுவன் சண்முகத்தை நினைத்தே அபிமன்யு பாத்திரத்தைப் படைத்தார் என்பதும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருபவை. ஒரு மகாவித்துவான் தன் பொருட்டு ஓர் இரவெல்லாம் கண்விழித்தார் என்பது, ஒரு சிறுவனுக்கு எத்தகைய ஸ்தானத்தை அவன் மனத்திலேயே அளித்திருக்கும்!

இங்கே, நாடக விமரிசகர்கள் அதிகம் கவனிக்காத ஒரு விஷயத்தைச் சொல்ல விரும்புகிறேன். அப்பிள்ளைகள் நடித்த கதைகளில் பல, குலைந்த குடும்பங்களின் கதைகள். ‘பிரகலாதன்’ தந்தையின் கொடுமையைத் தாங்கி நிற்கும் மகனின் கதை. ‘லவகுசா’ தகப்பனால் கைவிடப்பட்ட தாயின் நிழலில், முனிவர் ஆசிரமத்தில் மற்றப் பிள்ளைகளோடு வளர்ந்து, தகப்பன் யாரென்று அறியாமலே அவனை எதிர்த்து நிற்கும் இரு சகோதரர்களின் கதை. ‘நல்லதங்காள்’ பஞ்சத்தாலும் பிறந்தகத்துப் புறக்கணிப்பாலும் தாய் தன் ஏழு குழந்தைகளைக் கிணற்றில் தள்ளும் கொடூரம். தெ.பொ.கிருஷ்ணசாமிப் பாவலரின் ‘பதிபக்தி’, குடியால் அழியும் ஒரு குடும்பத்தை மேடையில் நிறுத்தியது. வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாததை, கேட்பதற்கும் ஆளில்லாததை, வேஷத்தின் மறைவில் நூற்றுக்கணக்கானோர் முன் உரக்கச் சொல்லி அழ அந்தப் பிள்ளைகளுக்குச் சந்தர்ப்பம் வாய்த்தது. சொல்லி முடித்ததும் சபையோரும் சேர்ந்து அழுதார்கள். தகப்பனற்ற பிள்ளைகளே லவனாகவும் குசனாகவும் நின்ற இரவுகளில், எழுதிய பாடத்துக்கும் சொந்த வாழ்வுக்கும் நடுவே கோடு எங்கே இருந்தது என்று யாரால் சொல்ல முடியும்? அந்நடிகர்களின் சோக பாவத்தில் பிற்காலத்தில் தமிழர்கள் கண்ட வன்மைக்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒழுங்கு, பாடம், கதை என்று எத்தனை சொன்னாலும், பிள்ளைகளைக் கம்பெனியில் நிலைநிறுத்தி வைத்தது அவற்றுக்கெல்லாம் மேலான ஒன்று: சிநேகம். கணேசன் வீட்டை விட்டு வந்து சேர்ந்த கம்பெனியில் அவனுக்கு அந்நியர்கள் மட்டும் இருக்கவில்லை. அதே சங்கிலியாண்டபுரத்துப் பையனும் தெருவில் கூட விளையாடியவனுமான ராதாகிருஷ்ணன் இருந்தான். காக்கா ராதாகிருஷ்ணன் என்று பின்னாளில் தமிழகம் அறிந்தவர் அவர்தாம். சீதை வேஷத்தோடு மேடை வாழ்வைத் தொடங்கிய கணேசன் ‘பராசக்தி’ படத்தின் கதாநாயகனாக உயர்ந்தார். ராதாகிருஷ்ணன் சிறு வேஷங்களிலும் ஹாஸ்ய வேஷங்களிலுமே பெரும்பாலும் தங்கிவிட்டார். ஆயினும் 1992இல் வெளிவந்த ‘தேவர் மகன்’ படத்தில் இருவரும் முதியவர்களாக ஒரே குடும்பத்துச் சகோதரர்களாய்த் தோன்றியபோது, அவ்விருவரின் பழக்கத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

கூடப் படுத்தவனின் விசுவாசம் என்பது கம்பெனி வீட்டில் அன்றாடம் தேவைப்பட்ட ஒன்று. மேடையில் பாடம் மறந்து திகைப்பவனுக்குப் பக்கத்துத் திரை மறைவிலிருந்து முதல் சொல்லை எடுத்துக் கொடுப்பவன் நண்பன். எழுதத் தெரியாதவனுக்காக அவன் தாய்க்குக் கடிதம் எழுதியவன் நண்பன். பதில் வராத மாதங்களில் அதைப் பற்றிக் கேளாமல் இருந்தவனும் அவனே. தன் வீட்டு விவரத்தை ஒருவன் ஒருநாள் இரவில் மற்றொருவனிடம் சொல்லிவிட்டால், அது அந்தப் பாயைத் தாண்டிப் போகாது. எல்லார் வீட்டிலும் ஏதோ ஒன்று இருந்தபடியால், எவன் வீட்டையும் எவனும் இகழவில்லை. வெளியூர்ப் பள்ளியில் சேர்ந்திருந்தால் தகப்பன் பெயரைச் சொல்ல நேரும் ஒவ்வொரு முறையும் கூசிக் குறுகியிருக்கக்கூடிய பிள்ளைகள், இங்கே அந்தக் கூச்சம் இல்லாமல் வளர்ந்தார்கள்.

இவ்வளவையும் ஒரே நாளில் பறித்துவிடக்கூடிய அபாயம் ஒன்று ஒவ்வொரு பிள்ளையின் தொண்டையிலும் ஒளிந்திருந்தது. அதை மகரக்கட்டு என்பார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசை வரை எட்டும் எடுப்பான குரலே பால நடிகனின் சொத்து. பதினான்கு பதினைந்து வயதில் அந்தக் குரல் உடைந்து, மேல் ஸ்தாயி எட்டாமல் பிசிறடிக்கத் தொடங்கினால், நேற்று வரை ராஜபார்ட்டாக நின்றவன் இன்று சேவகனாக நிற்கவேண்டும். அல்லது மூட்டை கட்டவேண்டும். எந்த வீட்டிலும் மகனுக்கு மீசை அரும்புவதும் குரல் கனப்பதும் பெற்றோர் மகிழும் காட்சி. இங்கோ வளர்வதே குற்றமாகிவிட்டது. சம்பளமும் குறைந்து, உற்சாகமும் குன்றி, நேற்று தன் பாட்டைக் கேட்டு ஆரவாரித்த ஊரில் யாரும் திரும்பிப் பாராதவனாய் நடந்த அந்தப் பருவத்தை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பாட்டினால் கொடிகட்டிப் பறந்த புதுக்கோட்டை பி.யு.சின்னப்பாவுக்கும் இது நேர்ந்தது. குரல் உடைந்து கம்பெனியை விட்டு ஊர் திரும்பிய அவர், மனமுடைந்து கிடக்காமல், சங்கீதத்தை முறையாகப் பயின்றும், சிலம்பம், மல்யுத்தம், பளு தூக்குதல் ஆகியவற்றில் தேகத்தைத் தேற்றியும் மறுபடி எழுந்து, சினிமாவில் ‘உத்தம புத்திரன்’ நாயகனாக 1940இல் நின்றார். அவ்வாறு எழுந்தவர்கள் சிலர். எழாதவர்களே பலர்.

பிள்ளைகளுக்கு வந்த கஷ்டங்களில் குருவை இழந்ததும் ஒன்று. சுவாமிகளைப் பக்கவாத நோய் தாக்கி, கடல் மடையெனப் பாடிய அந்த நா அடங்கிப்போயிற்று. பேச்சற்ற ஆசிரியரைக் கம்பெனி தன்னோடு அழைத்துக்கொண்டே ஊர்ப் பயணம் செய்தது. 1922 நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் அவர் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. மணம் செய்துகொள்ளாமல், பிள்ளை குட்டி என்று எதுவுமின்றி வாழ்ந்த அவருக்காக அன்று அழுதவர்கள் அவரிடம் அடிபட்ட பிள்ளைகள். அவர் கோபத்தைக் கண்டு நடுங்கியவர்களே அவரைத் தந்தையின் ஸ்தானத்தில் வைத்துக் கடைசி வரை பேசினார்கள். சண்முகம் தம் ஆயுள் முழுவதும் சுவாமிகளின் நினைவைப் போற்றி, அவரைத் தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று ஊரெங்கும் சொல்லிவந்தார்.

1925இல் சண்முகமும் அவர் சகோதரர்களும் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபை என்ற பெயரில் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். அப்போது சண்முகத்துக்குப் பதின்மூன்றாம் பிராயம். பிறர் கம்பெனியில் பிள்ளைகளாக இருந்து அடியும் பட்டினியும் அறிந்தவர்கள் முதலாளிகளானபோது, அங்கே வந்து சேர்ந்தவர்களிடம் காட்டிய பரிவு வேறு வகையாக இருந்ததில் வியப்பில்லை. என்.எஸ்.கிருஷ்ணன், எஸ்.வி.சகஸ்ரநாமம், கே.ஆர்.ராமசாமி முதலியோர் அங்கே உருவானார்கள். 1935இல் அந்தக் குழு ‘மேனகா’ நாடகத்தைப் படமாக்கியபோது, கூட நடித்தவர்கள் அப்படியே ஒன்றாகப் படத்திலும் இடம்பெற்றார்கள்.

அந்தச் சிநேகம் சோதிக்கப்பட்டது 1944ஆம் ஆண்டின் இறுதியில். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் நடிகர் தியாகராஜ பாகவதரோடு கிருஷ்ணனும் கைதாகி, ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டுச் சிறை சென்றார். செல்வாக்கோடு இருந்தபோது அவரைச் சூழ்ந்திருந்தவர்கள் பலர் விலகிப்போயினர். கம்பெனி வீட்டில் கூட வளர்ந்தவர்கள் விலகவில்லை. அவர் பெயரால் நடந்த நாடக சபையைச் சகஸ்ரநாமம் பொறுப்பேற்று நடத்தினார். வழக்கின் செலவுக்கும் குடும்பத்தின் நிலைக்கும் உதவியாக, கிருஷ்ணனின் மனைவி மதுரம் அம்மையாரோடு சேர்ந்து ‘பைத்தியக்காரன்’ என்ற படத்தை எடுக்க அவர் முன்னின்றார். அதில் ராமச்சந்திரனும் நடித்தார். கே.ஆர்.ராமசாமி தாம் தொடங்கிய குழுவுக்குச் சிறையிலிருந்த நண்பரை நினைத்துக் கிருஷ்ணன் நாடக சபை என்று பெயரிட்டார். அறிஞர் அண்ணாவின் ‘வேலைக்காரி’யும் ‘ஓர் இரவு’ம் அந்த மேடையில்தான் புகழ் பெற்றன. பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கில் 1947இல் கிருஷ்ணன் விடுதலையாகி வெளியே வந்தபோது, அவருக்குத் தொழிலும் இருந்தது, வீடும் இருந்தது. சொந்த பந்தங்கள் செய்யத் தயங்கியதைச் சிறுவயதுத் தோழர்கள் செய்தார்கள். அதைப் பெரிய உபகாரமாக அவர்கள் பறைசாற்றிக் கொள்ளவுமில்லை.

1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்து தமிழில் பேசும் படம் பிறந்தபோதே பாய்ஸ் கம்பெனிகளின் முடிவு தொடங்கிவிட்டது. கொட்டகைகள் ஒவ்வொன்றாகச் சினிமா அரங்குகளாயின. பெண்கள் மேடைக்கும் திரைக்கும் வந்த பின் ஸ்திரீபார்ட் சிறுவர்களுக்கு வேலையில்லாமற் போயிற்று. ராஜமாணிக்கத்தைப் போல் பக்தி நாடகங்களால் பிடித்து நின்றவர்கள் சிலர் இருந்தார்கள். 1950இல் சண்முகம் சகோதரர்களின் சபையும் பழைய பெயரைக் களைந்து டி.கே.எஸ். நாடகக் குழுவாயிற்று.

ஆனால் சினிமாவுக்குப் போய்ப் பெயர் பெற்றவர்கள் கைவிரலில் எண்ணக்கூடியவர்களே. மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பதற்குச் சரித்திரத்தில் யாரும் இல்லை. சிலர் ஊர் திரும்பிச் சிறு கடை வைத்தார்கள். சிலர் ஆர்மோனியம் வாசித்து வயிறு வளர்த்தார்கள். இன்னும் சிலர் கிராமங்களில் திருவிழாவுக்கு நாடகம் பழக்கும் வாத்தியார்களாக அமர்ந்து, தாங்கள் அடிபட்டுக் கற்ற வள்ளி திருமணத்தையும் பவளக்கொடியையும் உழவர் வீட்டுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தென் ஜில்லாக்களில் அந்நாடகங்கள் இன்றும் விடிய விடிய நடப்பதற்கு அந்தப் பெயரில்லாத வாத்தியார்களும் ஒரு காரணம். சண்முகத்தின் நூலில், பெரிய நடிகர்களின் பெயர்களோடு, இப்போது ஒருவருக்கும் தெரியாத பல பிள்ளைகளின் பெயர்களும், அவரவர் போட்ட வேஷமும், பாடிய பாட்டின் சிறப்பும் மறவாமல் குறிக்கப்பட்டிருக்கின்றன.